கூரை வெட்டிய பிளஷர்

நீலமேகத்துக்குக் கார் ஓட்டத் தெரியும். கார் துடைக்கத் தெரியும். பின்சீட்டில் பேசுவதைக் கேட்காத மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு முழுவதையும் கேட்கத் தெரியும். காரைப் பற்றி மட்டும் ஒன்றும் தெரியாது. இதை லெட்சுமாங்குடியில் யாராவது அவனிடம் முன்கூட்டியே எடுத்துச் சொல்லியிருந்தால் ஒரு நல்ல வண்டி தலை தப்பியிருக்கும்.

அது வெள்ளைக்காரன் காலத்துப் பிளஷர் கார். நெடுங்கரைப் பெரிய பண்ணை கப்பலில் வரவழைத்தது. தனக்குக் கல்யாணமான வருஷத்திலிருந்து அதை ஓட்டியவன் நீலமேகம். கழக ஆட்சி வந்தது, கூலிச் சட்டம் வந்தது, ஒரு குடும்பத்துக்குப் பதினைந்து ஏக்கர்தான் என்று உச்சவரம்பும் வந்தது. பெரிய பண்ணை நிலத்தை மாமன் பேரில், மச்சான் பேரில், சமையல்காரர் பேரில், செத்துப்போன அத்தை பேரிலும்கூட எழுதிவைத்துவிட்டு, மிச்சத்தைக் காரியஸ்தர் நடராசனிடம் ஒப்படைத்து, பட்டணத்துக்குக் குடிபோய்விட்டார். போகும்போது பழைய வண்டியை நீலமேகத்துக்கே கொடுத்துவிட்டார். இத்தனை வருஷம் உழைத்தவனுக்கு அது மரியாதையா, இல்லை கழித்துக்கட்டலா என்று நீலமேகத்துக்கு இன்றைக்கும் விளங்கவில்லை.

வாடகைக்கு ஓட்டலாம் என்றால் புது வண்டிகள் வந்துவிட்டன. அப்போதுதான் அவனுக்கு அந்த யோசனை உதித்தது. மாப்பிள்ளை அழைப்புக்கு விடலாம். ஆனால் மூடிய வண்டியில் மாப்பிள்ளை உட்கார்ந்தால் ஊருக்கு என்ன தெரியும்? ஜன்னல் வழியாக மூக்கு தெரியும். ஆகவே ஒரு ஞாயிற்றுக்கிழமை ரம்பத்தை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தான். கூரையைத் தாங்கிய கால்களையெல்லாம் அறுத்து, கூரையைத் தூக்கிக் கொல்லையில் போட்டான். அவன் பெண்டாட்டி தையல்நாயகி அதைக் கோழிகளுக்குக் கொடுத்துவிட்டாள்.

வண்டி நன்றாகவே ஓடியது. சுற்றுவட்டாரத்தில் எந்த மிராசுதார் வீட்டுக் கல்யாணமானாலும், எந்த நிக்காஹ் ஆனாலும், பூச்சரம் சுற்றிய அந்தத் திறந்த பிளஷர்தான். மாப்பிள்ளையோடு தெருப்பிள்ளைகள் எல்லாம் ஏறிக்கொள்வார்கள். மடியில், முதுகுப்பக்கம், படிப்பலகையில், எஞ்சின் மூடியின் மேலேகூட. அதட்டினாலும் இறங்க மாட்டார்கள். அது ஊர்வழக்கம், யாரும் ஒன்றும் சொல்வதில்லை.

இரண்டாம் வருஷம் கதவு இடிக்க ஆரம்பித்தது. நீலமேகம் எண்ணெய் விட்டான். பிறகு சோப்பு தடவினான். மாசி மாதம் மன்னார்குடிப் பக்கத்து ஊர் ஒன்றில், ஏறும்போது திறந்த கதவு இறங்கும்போது திறக்கவில்லை. இந்தக் கதவும் இல்லை, அந்தக் கதவும் இல்லை. சம்பந்திகள் ஆரத்தித் தட்டோடு நிற்கிறார்கள். மாப்பிள்ளை உள்ளே உட்கார்ந்து வியர்க்கிறான். கடைசியில் நாலு பேர் சேர்ந்து, பட்டுவேட்டி அவிழ அவிழ, அவனை மூட்டை இறக்குகிற மாதிரி பக்கவாட்டில் தூக்கி இறக்கினார்கள். பெண்வீட்டுக் கிழவர் ஒருவர் சகுனம் சரியில்லை என்று அங்கேயே சொல்லிவிட்டார்.

வேறு ஒருவனாக இருந்தால் அன்று அழுதிருப்பான். நீலமேகம் திரும்பி வரும்போது ஏதோ பாட்டை முணுமுணுத்துக்கொண்டு வந்தான்.

காரணம் இருக்கிறது. அதற்குப் பத்து நாள் முன்பு நெடுங்கரைக் கீழத்தெருவிலிருந்து காத்தானும் அவன் மனைவி அம்சமும் நீலமேகத்தின் வீட்டுக்கு வந்திருந்தார்கள். கீழத்தெரு என்றால் பெரிய பண்ணை நிலத்தில் தலைமுறை தலைமுறையாக நாற்றுப் பறித்து, நட்டு, அறுத்த பண்ணையாட்களின் தெரு. அவர்கள் மகன் மாரியப்பனுக்குக் கல்யாணம். ஐயர் இல்லை, தாலி எடுத்துக் கொடுக்க விவசாயத் தொழிலாளர் சங்கத்துத் தலைவர் வருகிறார். இப்போது அப்படிச் செய்தால் சட்டப்படி செல்லும். அதெல்லாம் சரி. முதல் நாள் சாயங்காலம் மாப்பிள்ளை அழைப்பு, அதற்கு வண்டி வேண்டும் என்றாள் அம்சம்.

"எந்த வழியா?" என்று கேட்டான் நீலமேகம்.

"மேலத்தெரு வழியாத்தாண்ணே. வேற தெரு ஏது நம்ம ஊர்ல?"

மேலத்தெரு என்பது பண்ணை வீடுகள் இருக்கும் தெரு. கீழத்தெருக்காரர்கள் அதில் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு நடந்த காலம் போய் அதிக நாள் ஆகவில்லை. அவர்கள் கல்யாணம் எதுவும் அந்த வழியாக வந்ததே இல்லை. நீலமேகம் தொண்டையைக் கனைத்தான். உள்ளே போய்த் தண்ணீர் குடித்தான். நயமாக ஒரு மறுப்பைத் தேடிப் பிடித்துக்கொண்டு வாசலுக்கு வருவதற்குள், காத்தான் படியில் வைத்துவிட்டு ஒதுங்கி நின்ற வெற்றிலைபாக்குத் தட்டைத் தையல்நாயகி இரண்டு கையாலும் எடுத்துவிட்டாள். தாம்பூலம் வாங்கினால் வாங்கியதுதான். அதற்கு மேல் எழுத்து வேண்டாம், சாட்சி வேண்டாம்.

"ஏண்டி எடுத்த?" என்று அவர்கள் போனதும் பாய்ந்தான்.

"கல்யாண வெத்தலய யாராச்சும் வேணாம்பாங்களா? நான் மென்னு துப்பியாச்சு. இப்ப என்ன, அதப் பொறுக்கித் திருப்பிக் குடுக்கவா?" என்றாள் அவள்.

நீலமேகம் கெட்டவன் இல்லை. கீழத்தெரு மேல் அவனுக்கு ஒரு கோபமும் கிடையாது. ஆனால் அவன் வண்டியை அழைப்பது பூராவும் மேலத்தெருக்கள். நெடுங்கரை மேலத்தெருவில் கீழத்தெரு மாப்பிள்ளையை ஏற்றிப் போனால், மறுநாளிலிருந்து இந்த வட்டாரத்தில் ஒரு மேலத்தெருவும் அவனைக் கூப்பிடாது. போகாவிட்டாலோ, வாங்கின தாம்பூலம் நெஞ்சில் உறுத்தும். இரவெல்லாம் புரண்டான். இந்த நேரத்தில்தான் கதவு சிக்கிக்கொண்டது. வண்டி ரிப்பேர் என்று சொன்னால் யார் என்ன செய்ய முடியும்? யார் மனசும் நோகாது. இதைவிடக் கௌரவமான வழி ஒருவனுக்குக் கிடைக்குமா?

வண்டியை ஆற்றைத் தாண்டிக் கூத்தாநல்லூருக்குக் கொண்டுபோய் மூஸா பாயின் வெல்டிங் பட்டறையில் விட்டான். மூஸா பினாங்கில் பஸ் பட்டறையில் வேலை பார்த்துத் திரும்பியவர். குண்டாக இருப்பார், கோபம் உடனே வரும், வந்த வேகத்தில் போய்விடும். அவர் வண்டிக்குக் கீழே பாயைப் போட்டுப் படுத்து, டார்ச் அடித்துப் பார்த்தார். அடியில் முன்னிருந்து பின்னாக ஓடுகிற இரண்டு நீளச் சட்டங்கள்தான் வண்டிக்கு ஆதாரம், அதைத்தான் சேஸ் என்பார்கள். ஒரு இடத்தில் மண்ணெண்ணெயைத் தடவி, துடைத்து, மேலே சாக்கட்டியைத் தேய்த்தார். கொஞ்ச நேரத்தில் வெள்ளையில் ஒரு கறுப்புக் கோடு ஊறிவந்தது.

"விரிசல்" என்றார். "ரெண்டு பக்கமும் இருக்கு. கூரையை எந்த மடையன் அறுத்தான்?"

நீலமேகம் ஆற்றைப் பார்த்தான்.

"அடப் பாவி. மூடின வண்டில கூரையும் சேந்துதான்யா பாரத்தப் புடிக்கும். நீ அதை எடுத்துட்ட. பாரம் பூரா சேஸ் மேல எறங்கி, நடுவுல தொங்கிப்போச்சு. ஆள் ஏறினா இன்னும் தொங்குது, கதவு நெரிபடுது. இன்னும் நாலு கல்யாணம் பாத்திருந்தா வண்டி ரெண்டா ஒடிஞ்சிருக்கும்."

"சரி பண்ண முடியாதா பாய்?" என்று கேட்டான். முடியாது என்று வந்தால் நல்லது என்ற ஆசை அவன் குரலில் இருந்ததை மூஸா கவனிக்கவில்லை.

"ஏன் முடியாது? தகடு வச்சுப் பத்தவச்சா முன்னைய விட உறுதியா நிக்கும். ஆனா மேல்கூடு சேஸ் மேல உக்காந்திருக்கே. கீழ படுத்துக்கிட்டு மல்லாக்க வெல்டு வைக்கணும். நெருப்பு மூஞ்சில கொட்டும். வேலை இழுக்கும்."

"இழுக்கட்டும் பாய். அவசரமே இல்ல. நிதானமாப் பாருங்க."

இத்தனை வருஷத்தில் இப்படிச் சொன்ன ஆளை மூஸா பார்த்ததில்லை. ஒருமுறை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, வண்டியை ஓரமாகத் தள்ளி, மேலே ஒரு சாக்கைப் போட்டு மூடினார்.

கல்யாணத்துக்கு ஒரு வாரம் இருக்கும்போது நீலமேகம் சைக்கிளை எடுத்துக்கொண்டு நெடுங்கரைக்குப் போனான். வார்த்தையெல்லாம் தயாராக இருந்தது. முகத்தையும் அதற்கேற்பச் சோகமாக வைத்திருந்தான். கீழத்தெருவுக்குப் போக அதுவரை இருந்தது ஒற்றையடி வரப்புதான், நடுவில் வாய்க்கால். ஒரு ஆள் தலைச்சுமையோடு போனால் எதிரே வருபவன் வயலில் இறங்க வேண்டும். வரப்பு முனைக்கு வந்தவன் சைக்கிளை விட்டு இறங்கி நின்றுவிட்டான்.

வரப்பைக் காணோம். அந்த இடத்தில் வண்டி போகிற அகலத்துக்கு ஒரு பாதை இருந்தது. பெண்கள் வரிசையாக நின்று மண்கூடையைக் கைமாற்றிக்கொண்டிருந்தார்கள். கொட்டிய மண்ணை ஆண்கள் திமிசுக்கட்டையால் இடித்தார்கள். வாய்க்காலின் மேல் புதிதாக வெட்டிய பனைமரங்களை நெருக்கி அடுக்கி, மேலே வைக்கோலும் மண்ணும் போட்டு மெத்தியிருந்தது. பாதை முடிகிற இடத்தில் சங்கத்தின் சிவப்புக்கொடி. அம்சம் முழங்கால்வரை சேறோடு ஓடிவந்தாள்.

"பாத்து சொல்லுங்கண்ணே, இந்த அகலம் போதுமா? வண்டி ரெண்டு சக்கரத்துக்கும் எவ்வளவு தூரம்னு தெரியல. பண்ணை வீட்டு வாசல்ல நிக்கறப்ப பாத்தத வச்சு ஒரு குத்துமதிப்பாப் போட்டோம். புறம்போக்குதான், தாசில்தார் ஆபீஸ்ல கேட்டுட்டுத்தான் போட்டோம். சட்டத்தால நாங்க குடியிருக்கற மனை எங்க பேருக்கு ஆயிடுச்சில்ல, அப்புறம் வழி இல்லாம என்ன?"

அகலம் போதும். ஒரு சாண் அதிகமாகவே இருந்தது. அவன் வண்டி ஒருநாள் வருவதற்காக ஒரு தெருவே கூலிக்குப் போகாமல் மண் சுமந்திருக்கிறது. ஆனாலும் பயம் பெரிது. பயந்தவனுக்கு வாய் தானாகவே பேசிவிடும்.

"அம்சம், ஒரு சங்கதி. வண்டி சேசு விரிஞ்சுபோய்க் கெடக்கு. மூஸா பாய் பட்டறைல விட்டிருக்கேன். ஆள் பத்தல, மல்லாக்கப் படுத்து வேலை பாக்கணும், நாளாகும்ங்கறாரு. கல்யாணத்துக்குள்ள ஆகிறது கஷ்டம்தான்."

சொல்லி முடித்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டான். அவன் எதிர்பார்த்த வருத்தம் அம்சத்தின் முகத்தில் வரவில்லை.

"ஆள் பத்தலையா?" என்றாள். "அவ்வளவுதானா? நான் என்னமோன்னு பயந்துட்டேன். நடவுக்கு ஆள் பத்தலேன்னா ஆளு விடுறதில்லையா? ஏங்க, இங்க வாங்க! பத்துப் பேரக் கூட்டிக்கிட்டு நாளைக்கு விடிஞ்சதும் கூத்தாநல்லூர் போங்க. வண்டில வேலை கெடக்காம்."

வயலில் பிறந்து வயலில் வளர்ந்தவர்களுக்கு வேலை தாமதமாகிறது என்றால் ஒரே அர்த்தம்தான், ஆள் குறைவு. வெல்டிங் பட்டறையும் அவர்களுக்கு ஒரு நடவு வயல்தான். அந்தத் தப்புக்கணக்கை எப்படித் திருத்துவது என்று நீலமேகத்துக்குத் தெரியவில்லை. பொய் சொல்லும்போது கொஞ்சம் யோசித்துச் சொல்லியிருக்கலாம் என்று நினைத்துக்கொண்டே சைக்கிளை மிதித்தான்.

மறுநாள் அவன் பட்டறைக்குப் போனபோது மூஸா இடுப்பில் கைவைத்துக் கத்திக்கொண்டிருந்தார். எதிரே காத்தான், மாரியப்பன், கீழத்தெரு ஆட்கள், தலையில் முண்டாசு, கையில் கயிறு.

"இவங்க கல்யாணத்துக்குன்னு ஏன்யா எங்கிட்டச் சொல்லல? அவசரமில்ல, அவசரமில்லன்னு சொன்னியே, உனக்கு மூளை இருக்கா?"

"மறந்துட்டேன் பாய்."

மூஸா அவனை ஒரு கணம் உற்றுப் பார்த்தார். புரிந்துவிட்டது. ஆனால் ஆட்களுக்கு எதிரே அதைக் காட்டிக்கொள்ளவில்லை. "இத்தனை ஆள் இருக்கீங்கள்ல, அப்ப வேற மாதிரி பாத்துடலாம்" என்று மட்டும் சொன்னார்.

வேறு மாதிரி என்றால், மேல்கூட்டையே கழற்றிவிடுவது. பெட்ரோல் டேங்கை இறக்கித் தூரத்தில் வைத்தார்கள். பாட்டரி வயரைப் பிடுங்கினார்கள். கூட்டைச் சேஸோடு பிணைத்திருந்த துருப்பிடித்த போல்ட்டுகளை ஒவ்வொன்றாக விடுவித்தார்கள். பிறகு கயிறு கோத்து, இந்தப் பக்கம் ஐந்து பேர், அந்தப் பக்கம் ஐந்து பேர். காத்தான் ஏலேலோ சொல்ல, மொத்தமாக எழுந்தது. நெல்மூட்டை தூக்கிய தோள்களுக்கு அது பெரிய பாரமில்லை. ரயில்வே ஸ்லீப்பர் கட்டைகளின் மேல் கூட்டை இறக்கி வைத்தபோது, சேஸ் மட்டும் சக்கரங்களோடு வெறும் எலும்பாகத் தெரிந்தது.

மூஸா நீளவாக்கில் நூலைக் கட்டி மட்டம் பார்த்தார். நடுவில் தொங்கல் கண்ணுக்கே தெரிந்தது.

"தொங்குனபடியே தகடு வச்சோம்னா தொங்கலும் சேந்து நெலைச்சுடும். மொதல்ல நிமித்தணும்" என்றார்.

நடுவில் ஜாக்கி கொடுத்து, ஒரு திருகு ஏற்றுவார், நூலைப் பார்ப்பார், இன்னொரு திருகு. நூலும் இரும்பும் ஒட்டிய பிறகும் ஒரு இம்மி கூடுதலாக ஏற்றினார். ஆறும்போது இரும்பு கொஞ்சம் பின்வாங்கும், அதற்காக. விரிசல் முடிகிற நுனியில் சின்னத் துளை போட்டார், அதற்கு மேல் ஓடாமல் நிற்க. விரிசலைத் தேய்த்துப் பள்ளமாக்கி வெல்டால் நிரப்பினார். பிறகு தகடு. பழைய ரைஸ் மில்லின் தண்ணீர்த் தொட்டியை உடைத்து வாங்கிய நல்ல கனத்த தகடு. அதைக் காற்றாடிப் பட்டம் போல இரண்டு முனையும் கூராக வெட்டி விரிசலின் மேல் வைத்தார்.

"ஏன் பாய், நேரா வெட்டுனா என்ன?" என்று மாரியப்பன் கேட்டான்.

"நேரா வெட்டி ஒட்டுனா, ஒட்டுன ஓரத்துலயே அடுத்த விரிசல் விழும். பாரம் ஒரே கோட்டுல எறங்கக் கூடாது தம்பி. சாய்வா போனா பரவிடும்."

சேஸின் சட்டம் ப மாதிரி ஒரு பக்கம் திறந்திருக்கும். நடுப்பகுதியில் அந்தத் திறந்த பக்கத்தையும் நீளத் தகட்டால் மூடிப் பெட்டியாக்கினார். ஒரே இடத்தில் தொடர்ந்து பற்றவைத்தால் சூட்டில் முறுக்கிக்கொள்ளும் என்று, இங்கே இரண்டு அங்குலம், அங்கே இரண்டு அங்குலம், பிறகு எதிர்ப்பக்கச் சட்டம் என்று மாறி மாறி வைத்தார். கரண்டு போனால் எல்லோரும் உட்கார்ந்து டீ குடித்தார்கள். வந்தால் மூஸா கறுப்புக் கண்ணாடியை முகத்தில் வைத்துக்கொள்வார், காத்தான் ஈரச்சாக்கோடு பக்கத்தில் நிற்பான். நீலமேகமும் சும்மா இருக்க முடியாமல் கம்பி பிரஷ்ஷை எடுத்து வெல்டின் மேல் படிந்த கசடைத் தட்டித் தேய்த்தான். கீழே பளபளவென்று மீன் செதில் வரிசை மாதிரி ஒட்டு தெரிந்தது. தன் வண்டி பிழைத்துவிட்டது என்று அவனுக்குச் சந்தோஷம். பிழைத்துவிட்டதே என்று வருத்தம். இரண்டும் ஒரே நேரத்தில் ஒரு மனுஷனுக்கு வரும்.

ஜாக்கியை இறக்கிய பிறகும் சேஸ் நூலை விட்டு நகரவில்லை. கூட்டை ஏற்றி முடுக்கினார்கள். ஆட்கள் பத்துப் பேரும் மூஸாவும் உள்ளே ஏறி உட்கார்ந்தார்கள். மாரியப்பன் கதவைத் திறந்து மூடினான். விரலால் தள்ளினாலே மூடியது. எல்லோரும் சிரித்தார்கள். மூஸா இறங்கிவந்து நீலமேகத்தின் காதருகே மெதுவாகச் சொன்னார்.

"இரும்ப நான் சரி பண்ணிட்டேன். மிச்சம் உன் பாடு."

மாப்பிள்ளை அழைப்பன்று பொழுது சாய்கிற நேரம். புதுப்பாதையில் வண்டி இறங்கியபோது பனைமரப் பாலம் லேசாக முனகியது, ஆனால் தாங்கியது. கீழத்தெருவுக்குள் கார் வருவது அதுதான் முதல் தடவை. மாரியப்பன் வெள்ளை வேட்டி சட்டையில், கழுத்தில் ரோஜா மாலையோடு ஏறினான். பிள்ளைகள் ஏறினார்கள். முன்னால் பெட்ரோமாக்ஸ், பறை, நாயனம். பின்னால் தெரு முழுவதும். மாப்பிள்ளைக்கு அம்மாவான அம்சம், முந்தானையை இழுத்துச் சொருகிக்கொண்டு வண்டிக்குப் பக்கத்திலேயே நடந்தாள்.

மேலத்தெரு முனையில் காரியஸ்தர் நடராசன் நின்றிருந்தார். அவருக்குப் பின்னால் இருபது முப்பது பேர். அரிவாள் கம்பு ஒன்றும் இல்லை, வெறுமனே நின்றார்கள். நீலமேகம் வண்டியை நிறுத்தினான். நடராசன் மாப்பிள்ளையைப் பார்க்கவில்லை. பின்னால் நின்ற கூட்டத்தையும் பார்க்கவில்லை. நேரே டிரைவர் பக்கம் வந்து, கதவின் மேல் கையை ஊன்றி, தணிந்த குரலில் பேசினார்.

"நீலமேகம், உன்னச் சங்கடப்படுத்த வரல. நீ நம்ம பண்ணைல சோறு தின்னவன். வண்டி சேசு உடைஞ்சு கெடந்தது ஊருக்கே தெரியும். இங்க வந்ததும் நின்னுபோச்சுன்னு சொல்லிடு. ரிப்பேர்னா உன்ன யாரு என்ன சொல்லப்போறா? அவங்க இறங்கித் திரும்பிப் போயிடுவாங்க. யார் மனசும் நோகாது."

நீலமேகம் இத்தனை நாள் தனக்குள் பொத்திப்பொத்தி வைத்திருந்த அதே பேச்சு, ஒரு சொல் குறையாமல் இன்னொருவன் வாயிலிருந்து வந்தது. தன் வாயில் இருந்தவரை அது கௌரவமாகத் தெரிந்தது. இந்த மனுஷன் வாயில் கேட்கும்போது எவ்வளவு அசிங்கமாக இருக்கிறது! இதைத்தானே சேற்றுக்காலோடு நின்றவளிடம் போய்ச் சொன்னோம் என்று நினைத்தான். பக்கத்தில் அம்சம் நின்றாள். அவளுக்குக் கேட்டிருக்குமா என்று தெரியவில்லை.

"வண்டி நின்னா நாங்க நடந்து போவோம் காரியஸ்தரே" என்று பின்சீட்டிலிருந்து மாரியப்பன் சொன்னான். "ஆனா இந்த வழியாத்தான்."

அவன் குரலில் கோபம்கூட இல்லை. அவர்கள் எப்படியும் போகப் போகிறார்கள். அது நீலமேகத்துக்கு அப்போது தெளிவாகப் புரிந்தது. வண்டி போகுமா என்பதல்ல கேள்வி. அவர்களோடு அவன் போகிறானா என்பதுதான்.

"வண்டில ரிப்பேர் ஒண்ணும் இல்லீங்க" என்றான். எல்லோருக்கும் கேட்டது. "தகடு வச்சு நல்லாப் பத்தவச்சாச்சு. கையை எடுங்க, கதவுல நசுங்கிடப் போகுது."

நடராசன் கையை எடுத்தார். "இனிமே இந்தப் பக்கம் ஒரு கல்யாணத்துக்கும் உன் வண்டி வராது. தெரிஞ்சுக்க" என்றார்.

"தெரியுங்க" என்றான் நீலமேகம். அது அவனுக்குத் தாம்பூலம் வாங்கிய அன்றைக்கே தெரியும். முதல் கியரைப் போட்டான்.

கூட்டம் விலகியது. விலகினார்கள் என்பதைவிட, வண்டிக்குப் பின்னால் நகர்ந்துவந்த அத்தனை பேருக்கும் நடுவில் நிற்க அவர்களுக்குத் தோதுப்படவில்லை என்று சொல்லலாம். மேலத்தெரு விளக்குகள் எல்லாம் அணைந்திருந்தன. கதவுகள் எல்லாம் சாத்தியிருந்தன. ஆளில்லாத ஊரில் போவது போல வண்டி ஊர்ந்து போனது. பெரிய பண்ணையின் வீட்டுக்கு எதிரே, வருஷக்கணக்காக நிறுத்திய பழக்கத்தில், அவன் கால் பிரேக்குக்குப் போய்விட்டது. பல்லைக் கடித்துக்கொண்டு அதை எடுத்தான். பறைக்காரர்கள் அன்றைக்கு அந்த இடத்தில்தான் மிக நன்றாக அடித்தார்கள்.

திரும்பிக் கீழத்தெருவுக்கு வந்து வண்டியை நிறுத்தியபோது அவன் சட்டை நனைந்திருந்தது. பந்தலில் பந்தி போட்டிருந்தார்கள். சாம்பாரின் வாசனை வந்தது. மூஸா ஏற்கெனவே ஒரு இலைக்கு முன்னால் சப்பணமிட்டு உட்கார்ந்திருந்தார். நீலமேகம் வண்டியில் சாய்ந்து நின்றான். பிழைப்பையே பணயம் வைத்து வந்திருக்கிறோம், பெரிய காரியம்தான், நம்மைத் தவிர எவன் செய்வான் என்று உள்ளுக்குள் ஒரு பூரிப்பு. நாலு பேர் வந்து பாராட்டினால் எப்படி அடக்கமாகப் பதில் சொல்வது என்றுகூட யோசித்துவிட்டான்.

அம்சம் வந்தாள். கையில் சீவிய இளநீர்.

"குடிங்கண்ணே, நெஞ்சு காஞ்சிருக்கும்" என்றாள். பிறகு, அவன் தயங்கக் கூடாதே என்று அவசரமாகச் சொன்னாள்: "லெட்சுமாங்குடிக் கடைல வாங்கினது. சீவினதும் அந்தக் கடைக்காரர்தான். எங்க ஏனம் பாத்திரம் எதுவும் படல. நான் அடிமட்டையத்தான் புடிச்சேன்."

அவள் குத்திக்காட்டவில்லை. முகத்தில் அப்படி ஒன்றும் இல்லை. நிஜமான நன்றிதான் இருந்தது, விருந்தாளிக்குச் சங்கடம் வரக்கூடாது என்கிற கரிசனம் இருந்தது. குத்திக்காட்டியிருந்தால் அவன் ஏதாவது பதில் சொல்லியிருப்பான். அவன் சாதிக்காரன் கீழத்தெருவில் கை நனைக்க மாட்டான் என்பதை அவள் மழை மேலிருந்து பெய்கிறது என்பது போல எடுத்துக்கொண்டிருந்தாள். அதற்காக முன்கூட்டியே ஆளனுப்பிக் கடையில் சொல்லி வைத்திருக்கிறாள். நீலமேகத்துக்குத் தன் பூரிப்பெல்லாம் வடிந்துபோயிற்று. வெட்கமாக இருந்தது. அழுகையும் வந்தது.

அம்சத்தை யாரோ கூப்பிட்டார்கள், போய்விட்டாள். இளநீரைக் குடிக்காமல் சீட்டின் மேல் வைத்தான். குடத்தருகே போய்க் கையைக் கழுவினான். மூஸாவுக்கும் காத்தானுக்கும் நடுவில் ஒரு இலை காலியாக இருந்தது. போய் உட்கார்ந்தான். காத்தான் பதறி எழப் போனான். மூஸா அவன் தொடையில் கைவைத்து உட்காரவைத்தார்.

சோற்றுக்கூடையோடு அம்சம் வரிசையில் வந்தாள். குனிந்து போட்டுக்கொண்டே வந்தவள் அந்த இலைக்கு முன்னால் வந்து, கையைப் பார்த்து, முகத்தைப் பார்த்து, அப்படியே நின்றுவிட்டாள். அகப்பையில் எடுத்த சோறு கூடைக்குள்ளேயே சரிந்தது.

நீலமேகம் இலையில் தண்ணீர் தெளித்து வழித்துவிட்டான்.

"போடு தங்கச்சி. பசிக்குது" என்றான்.

அம்சம் போட்டாள். அவன் பிசைந்து முதல் கவளத்தை எடுத்து வாயில் வைத்து விழுங்குகிறவரை அங்கேயே நின்றாள். அதற்குப் பிறகுதான் அடுத்த இலைக்குப் போனாள்.